கமால் என்னும் இராப்பலகை: துருவ நட்சத்திரத்தைக் கொண்டு கடலில் இடமறிந்த முறை

உள்ளங்கையில் அடங்கும் செவ்வகப் பலகைத் துண்டு ஒன்று. அதன் நடுவே ஒரு துளை. துளைக்குள் கோத்து, நழுவாதபடி பின்பக்கம் முடிந்துவிட்ட ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் நீளத்தில், சீரற்ற இடைவெளிகளில், மேலும் சில முடிச்சுகள். அரபு மாலுமிகள் கமால் என்று அழைத்த கருவி இவ்வளவுதான். சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகள் இதை இராப்பலகை என்றார்கள். பலகை மரத்தாலும் இருக்கும், கொம்பாலும் இருக்கும். அசையும் உறுப்பு எதுவும் கிடையாது; எண் பொறித்த வட்டமோ முள்ளோ கண்ணாடியோ கிடையாது. ஆனாலும், கரை கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலைப் பல நூற்றாண்டுகளாகக் கடந்துசென்ற இந்தியப் பெருங்கடல் வணிகக் கப்பல்களில், இரவில் இடமறிய உதவிய கருவிகளுள் இது முதன்மையானது.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகள் தெரிந்தால் போதும். ஒரு நட்சத்திரத்தின் உயரம் நாம் இருக்கும் இடத்தை எப்படிச் சொல்கிறது என்பது முதலாவது. அந்த உயரத்தை ஒரு பலகைத் துண்டு எப்படிப் பிடித்துவைக்கிறது என்பது இரண்டாவது. முதலாவது வானியல், பள்ளிப் பாடத்திலேயே பாதி இருக்கிறது. இரண்டாவதில்தான் மாலுமியின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நட்சத்திரத்தின் உயரமும் நாம் நிற்கும் இடமும்

பூமி தன் அச்சில் சுழல்வதால் வானத்திலுள்ள நட்சத்திரங்கள் எல்லாம் கிழக்கே எழுந்து மேற்கே மறைவதாகத் தோன்றுகின்றன. அந்த அச்சை வடக்கு நோக்கி நீட்டினால் அது வானத்தில் சுட்டும் புள்ளி மட்டும் அசைவதில்லை. அந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருப்பது துருவ நட்சத்திரம். வட துருவத்தில் நிற்கும் ஒருவருக்கு அது உச்சந்தலைக்கு நேர்மேலே, அடிவானத்திலிருந்து 90 பாகை உயரத்தில் தெரியும். நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு அது வடக்கு அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதாவது உயரம் சுழியம். இடைப்பட்ட எந்த இடத்திலும் துருவ நட்சத்திரத்தின் உயரம், அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமம்.

இதற்கான காரணம் எளிது. நட்சத்திரம் மிக மிகத் தொலைவில் இருப்பதால் அதன் ஒளி பூமியின் எல்லா இடங்களுக்கும் இணைகோடுகளாகவே வந்துசேர்கிறது. சென்னையிலிருந்து பார்த்தாலும் கன்னியாகுமரியிலிருந்து பார்த்தாலும் நட்சத்திரம் இருக்கும் திசை ஒன்றுதான். மாறுவது நம் அடிவானம். பூமி உருண்டையாக இருப்பதால், தெற்கே செல்லச் செல்ல நாம் நிற்கும் தளம் சாய்ந்துகொண்டே போகிறது. அதே அளவுக்கு வடக்கு அடிவானம் நட்சத்திரத்தை நோக்கி உயர்ந்துவிடுகிறது. சென்னையின் அட்சரேகை 13 பாகை 5 கலை (கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு); கன்னியாகுமரியினுடையது 8 பாகை 5 கலை. ஆகவே சென்னையில் சுமார் 13 பாகை உயரத்தில் தெரியும் துருவ நட்சத்திரம், கன்னியாகுமரியில் 5 பாகை தாழ்ந்து தெரியும்.

ஒரு பாகை அட்சரேகை என்பது தரையிலும் கடலிலும் 60 கடல் மைல், அதாவது சுமார் 111 கிலோமீட்டர். நட்சத்திரம் ஒரு பாகை இறங்கியிருக்கிறது என்றால் கப்பல் 60 கடல் மைல் தெற்கே வந்திருக்கிறது. ஏறியிருக்கிறது என்றால் அவ்வளவு தொலைவு வடக்கே போயிருக்கிறது. கிழக்கு மேற்காக எவ்வளவு தொலைவு சென்றிருந்தாலும் உயரம் மாறாது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் படிப்பவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கமாலின் பலம், பலவீனம் இரண்டும் அதில்தான் இருக்கின்றன.

பலகையைப் பிடிக்கும் விதம்

கட்டைவிரலைக் கண்ணருகே கொண்டுவந்தால் ஒரு பனைமரமே மறைந்துவிடும்; கையை நீட்டினால் மரத்தின் ஒரு பகுதிதான் மறையும். ஒரே பொருள், கண்ணிலிருந்து அது இருக்கும் தொலைவைப் பொறுத்து, பெரிய கோணத்தையோ சிறிய கோணத்தையோ மறைக்கிறது. கமால் செய்வதும் இதுவே.

மாலுமி வடக்கு நோக்கி நிற்கிறார். கயிற்றின் ஒரு முடிச்சைப் பற்களுக்கிடையே கடித்துக்கொள்கிறார். பலகையை ஒரு கையால் பிடித்து, கயிறு விறைக்கும் வரை முன்னால் நீட்டுகிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்தோடு ஒட்டவைத்து, மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொடுகிறதா என்று பார்க்கிறார். விளிம்புக்கு மேலே நட்சத்திரம் தனித்துத் தெரிந்தால் பலகை மறைக்கும் கோணம் போதவில்லை. கயிற்றைக் குறுக்கி, பலகைக்கு இன்னும் அருகிலுள்ள முடிச்சைக் கடிக்க வேண்டும். நட்சத்திரம் பலகைக்குப் பின்னால் மறைந்துவிட்டால் கோணம் மிகுந்துவிட்டது. வெளிப்புற முடிச்சுக்குப் போக வேண்டும். கீழே அடிவானமும் மேலே நட்சத்திரமும் ஒரே நேரத்தில் விளிம்புகளில் அமரும்போது எந்த முடிச்சு பல்லில் இருக்கிறதோ, அதுவே அன்றைய விடை.

கயிற்றின் வேலை இங்கே கவனிக்கத்தக்கது. வெறுங்கையால் பலகையை நீட்டினால் ஒவ்வொரு முறையும் தொலைவு கொஞ்சம் மாறும். முழங்கை சற்று மடங்கினாலே விடை பிசகிவிடும். பல்லில் பிடித்த கயிறு விறைத்து நிற்கும்போது அந்தத் தொலைவு மாறவே முடியாது. தொங்கு குண்டை நம்பியிருக்கும் கருவிகளுக்கு இல்லாத இன்னொரு வசதியும் இதற்கு உண்டு. ஆடும் கப்பலில் தொங்கு குண்டு நிலைகொள்ளாமல் ஊசலாடும். எது செங்குத்து என்பதே தெரியாமல் போய்விடும். கமால் செங்குத்தைத் தேடுவதில்லை. அது அடிவானத்தையும் நட்சத்திரத்தையும் ஒரே பார்வையில் பிடிக்கிறது. கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் அவ்விரண்டுக்கும் இடையிலான கோணம் சாய்வதில்லை.

ஆனால் அடிவானம் தெரிந்தாக வேண்டும். அமாவாசை நள்ளிரவில் கடலும் வானும் ஒரே கருமையாகக் கலந்துவிட்டால் கமாலை எடுத்துப் பயனில்லை. நிலவொளி இருக்கும் இரவும், நட்சத்திரம் புலப்படத் தொடங்கி அடிவானமும் இன்னும் அழியாதிருக்கும் அந்திப் பொழுதும், விடியலுக்கு முந்தைய அதே போன்ற இடைவேளையும்தான் இதற்கு ஏற்ற நேரங்கள்.

முடிச்சுகள் ஏன் ஊர்களாக இருந்தன

இனி வருவதுதான் இக்கருவியின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

முடிச்சுகளைக் கணக்குப் போட்டும் இடலாம். பலகையின் உயரம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 6 பாகையை மறைக்க வேண்டுமானால் கண்ணிலிருந்து 57 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இலங்கையின் தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையின் அட்சரேகை ஏறத்தாழ அதுதான். கன்னியாகுமரிக்குரிய 8 பாகைக்கு 43 சென்டிமீட்டர். பருத்தித்துறைக்குரிய 10 பாகைக்கு 34. சென்னைக்குரிய 13 பாகைக்கு 26. மசூலிப்பட்டினத்துக்குரிய 16 பாகைக்கு 21. இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் இரண்டு பாகை ஏறும்போது முடிச்சு 14 சென்டிமீட்டர் நகர்கிறது. கடைசி மூன்று பாகைக்கு 5 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. கயிற்றில் முடிச்சுகள் சீரற்ற இடைவெளிகளில் இருப்பதன் காரணம் இதுவே. பலகையை நெருங்க நெருங்க அவையும் நெருங்கிக்கொண்டே போகும்.

ஆனால் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் ஒரு மாலுமிக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. நாகப்பட்டினத்தில் நங்கூரம் போட்டிருக்கும்போது, வடக்கு அடிவானம் திறந்திருக்கும் இடத்தில் நின்று, பலகையைத் துருவ நட்சத்திரத்துக்குப் பொருத்தி, பல்லில் எந்த இடம் வருகிறதோ அங்கே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் அதுவே நாகப்பட்டின முடிச்சு. அடுத்த துறைமுகத்தில் அடுத்த முடிச்சு. அட்சரேகை எத்தனை பாகை என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பாகை என்ற அலகையே அவர் அறியாதவராக இருந்தாலும் குறையில்லை. சோழமண்டலக் கரை மாலுமிகளின் கடற்பயண உத்திகளைப் பற்றி எச். காங்கிரீவ் 1850-இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் எழுதிய சிறு கட்டுரை, முடிச்சுகள் இவ்வாறு கரையோர ஊர்களைக் குறித்து நின்றதைப் பதிவுசெய்திருக்கிறது.

இதன் பயன் முதலில் தோன்றுவதைவிட மிகப் பெரியது. எந்தக் கோண அளவீட்டிலும் சில பிழைகள் ஒட்டிக்கொண்டே வரும். அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரங்களின் ஒளி காற்றில் வளைவதால் அவை உண்மையான உயரத்தைவிடச் சற்று மேலே தெரியும். பார்ப்பவர் கடல்மட்டத்துக்கு மேல் நிற்பதால் அடிவானம் சற்றுக் கீழே தெரியும். கயிறு பிடிபட்டிருப்பது பல்லில், பார்ப்பதோ கண். இரண்டுக்கும் இடையே சில சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். பலகையைச் செய்த தச்சர் அரை மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ இழைத்திருக்கலாம். அளந்து எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே கழிக்கவோ கூட்டவோ வேண்டும். ஊரில் நின்று தானே போட்ட முடிச்சில் இவை எல்லாம் ஏற்கெனவே அடங்கிவிடுகின்றன. அதே ஆள், அதே பல், அதே பலகை, அதே நட்சத்திரம், ஏறத்தாழ அதே உயரத்திலுள்ள கப்பல் தளம் என்று இருக்கும் வரை, முடிச்சுப் போட்டபோது நேர்ந்த பிழையே கடலில் பார்க்கும்போதும் நேரும். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டுவிடும்.

கமாலை அளவுகோலாக நினைப்பதால்தான் பலருக்கு அது நம்பத்தகாததாகத் தோன்றுகிறது. அது ஒப்பிடும் கருவி. ‘நான் எத்தனையாவது பாகையில் இருக்கிறேன்’ என்ற கேள்வி அதனிடம் இல்லை. ‘நான் போக வேண்டிய ஊருக்கு வடக்கே இருக்கிறேனா, தெற்கே இருக்கிறேனா’ என்ற கேள்விக்கு மட்டும் அது விடை சொல்கிறது. கப்பலை ஓட்டுகிறவருக்கு அந்த இரண்டாவது கேள்விதான் வேண்டும்.

விடை தெரிந்ததும் செய்ய வேண்டியது நேரடியானது. போக வேண்டிய துறைமுகத்தின் முடிச்சுக்கு நட்சத்திரம் பொருந்தும் வரை வடக்காகவோ தெற்காகவோ செல்ல வேண்டும்; பொருந்தியதும் கிழக்கே அல்லது மேற்கே திரும்பி, ஒவ்வோர் இரவும் அதே முடிச்சு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே கரை தெரியும் வரை போக வேண்டும். ஏமனின் ஏடன் 12 பாகை 47 கலையிலும் மங்களூர் 12 பாகை 52 கலையிலும் இருக்கின்றன. அரபிக்கடலின் இரு கரைகளிலுள்ள இவ்விரு துறைமுகங்களுக்கும் நடைமுறையில் ஒரே முடிச்சு போதும். கிழக்குக் கடலில் அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவேயுள்ள வழிக்கு இன்றும் பத்துப் பாகைக் கால்வாய் என்றே பெயர். லட்சத்தீவுக் கூட்டத்தில் மினிக்காய்க்கு வடக்கே உள்ளது ஒன்பது பாகைக் கால்வாய், தெற்கே உள்ளது எட்டுப் பாகைக் கால்வாய். பெயர்கள் பிற்காலத்தவை. ஆனால் தீவுகளுக்கும் பவளப்பாறைகளுக்கும் இடையே பாதுகாப்பாக நுழைவது அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு போகும் வேலை என்பதை அவை வெளிப்படையாகச் சொல்கின்றன.

துல்லியம் எவ்வளவு என்று கேட்கலாம். கண்ணிலிருந்து 57 சென்டிமீட்டர் தொலைவில், விளிம்பைப் பொருத்துவதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பத்தில் ஒரு பாகை, அதாவது 6 கடல் மைல் பிசகும். கயிறு ஈரத்தால் நெகிழ்ந்து, 34 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 35 ஆகிவிட்டால் 17 கடல் மைலுக்கு மேல் தவறிவிடும். கயிற்றைத் தேர்ந்தெடுப்பதும், அது இழுபட்டிருக்கிறதா என்று பழகிய துறைமுகத்தில் மறுபடி சோதித்துக்கொள்வதும் ஆகவே சில்லறை வேலைகள் அல்ல. நல்ல வானிலையில், பழகிய கைக்கு, அரைப் பாகைக்குள் விடை கிடைப்பது இயல்பு. பத்துப் பாகைக் கால்வாயின் அகலம் சுமார் 150 கிலோமீட்டர். அரைப் பாகை என்பது 55 கிலோமீட்டர். நடுவைக் குறிவைத்துப் போனால் நுழைந்துவிடலாம்.

துருவ நட்சத்திரத்தின் ஆட்டம்

இதுவரை துருவ நட்சத்திரம் அசையாது என்ற பாவனையிலேயே எழுதினேன். உண்மையில் அது வான துருவத்தில் சரியாக இல்லை. துருவப் புள்ளியைச் சிறு வட்டமாகச் சுற்றிவருகிறது. இன்று அந்த வட்டத்தின் ஆரம் முக்கால் பாகைக்கும் குறைவு. பூமியின் அச்சே பம்பரத்தின் தலைபோல மிக மெதுவாகச் சுழன்றுவருவதால் இந்த இடைவெளி நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறுகிறது. கி.பி. 1500-ஐ ஒட்டிய காலத்தில் அது ஏறத்தாழ மூன்றரைப் பாகையாக இருந்தது.

மூன்றரைப் பாகை ஆரம் என்றால், வட்டத்தின் உச்சியில் இருக்கும்போதும் அடியில் இருக்கும்போதும் நட்சத்திரத்தின் உயரத்தில் 7 பாகை வேறுபாடு இருக்கும். 7 பாகை என்பது 420 கடல் மைல். கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள வடக்கு தெற்குத் தொலைவைவிட அதிகம். நேரம் பாராமல் பலகையை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே அக்கால மாலுமி எந்த நட்சத்திரத்தை அளப்பது என்பதோடு, அது தன் வட்டத்தில் எங்கே நிற்கும்போது அளப்பது என்பதையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு அவர்கள் துணைக்கொண்டது மற்ற நட்சத்திரங்களையே. அரபு மாலுமிகள் நிலவின் பாதையிலுள்ள 28 நட்சத்திர மனைகளுள் எது தலைக்கு நேரே வடக்கு தெற்குக் கோட்டைக் கடக்கிறது என்பதைப் பார்த்து, துருவ நட்சத்திரம் எவ்வளவு ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்று தீர்மானித்து, அதற்கேற்பத் திருத்தம் செய்தார்கள். நம் பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்களை அறிந்தவர்களுக்கு இந்த மனைகள் அந்நியமாகத் தோன்றா. பெரும்பாலும் அதே நட்சத்திரக் கூட்டங்கள்தான். துருவ நட்சத்திரத்துக்கு அருகிலேயே சுற்றிவரும் வேறிரு ஒளிமிக்க நட்சத்திரங்களையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். நிலநடுக்கோட்டை நெருங்கியதும் துருவ நட்சத்திரம் அடிவான மூட்டத்தில் மங்கிவிடும். அங்கே இந்த இணைக்கே முதலிடம்.

அரபுக் கடலோடிகள் உயரத்தை இஸ்பா என்ற விரல் அளவால் கூறினார்கள். முழு வட்டத்துக்கு 224 இஸ்பா என்பது ஒரு வழக்கு. அப்படியானால் ஓர் இஸ்பா 1 பாகை 36 கலைக்குச் சற்று அதிகம், கடலில் ஏறத்தாழ 96 கடல் மைல். நேர் வடக்கே சென்றால் ஓர் இஸ்பா ஏறுவதற்கு 8 ஸாம் ஆகும் என்றும், ஒரு ஸாம் என்பது 3 மணி நேரப் பயணம் என்றும் கொண்டார்கள். ஆக, ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் ஓர் இஸ்பா. மணிக்கு 4 கடல் மைல் என்பது பாய்மரக் கப்பலுக்குப் பொருத்தமான வேகமே. இன்றைய ராஸ் அல் கைமாப் பகுதியிலுள்ள ஜுல்ஃபாரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், சுலைமான் அல் மஹ்ரி அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதிய நூல்கள், துறைமுகங்களுக்கான இத்தகைய நட்சத்திர உயரங்களால் நிறைந்தவை.

பலகை ஒன்றா, பலவா

ஒரே பலகையும் பல முடிச்சுகளும் என்பது ஒரு வடிவம். கயிற்றின் நீளத்தை மாற்றாமல், அளவில் வேறுபட்ட பல பலகைகளை வைத்துக்கொள்வது இன்னொரு வடிவம். சீனர்கள் இரண்டாவதைப் பின்பற்றினார்கள். 12 கருங்காலிப் பலகைகள் கொண்ட தொகுப்பு அவர்களிடம் இருந்தது. 1405-க்கும் 1433-க்கும் இடையே சங் ஹ தலைமையில் வந்த கப்பற்படைகளின் வழிகளைக் காட்டும் படங்கள், பின்னர் தொகுக்கப்பட்ட ஒரு போர்க்கலை நூலில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் இடையிலும், ஹோர்முஸுக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையிலும் செல்லும்போது எந்த நட்சத்திரம் எத்தனை விரல் உயரத்தில் இருக்க வேண்டும் என்று குறிக்கும் படங்களும் உண்டு. இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இதே கப்பற்படை விட்டுச்சென்றதே.

பல பலகைகள் வைத்திருப்பதில் ஓர் உண்மையான அனுகூலம் இருக்கிறது. பலகை எப்போதும் கைநீட்டும் தொலைவிலேயே இருப்பதால் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஒற்றைப் பலகையில் 16 பாகைக்கு மேல் போனால் அது முகத்துக்கு மிக அருகே வந்துவிடும். கண்ணால் அருகிலுள்ள விளிம்பையும் தொலைவிலுள்ள நட்சத்திரத்தையும் ஒருங்கே கூர்மையாகப் பார்க்க முடியாது. ஆனால் ஒற்றைப் பலகை மடியில் செருகிக்கொள்ளக்கூடியது. ஜேம்ஸ் பிரின்செப் 1836-இல் கல்கத்தாவில் அரபு மாலுமிகளின் கருவிகளைப் பற்றி எழுதியபோது விவரித்தது இப்படிப்பட்ட ஒன்றைத்தான். சிறு கொம்புத் தகடு, அதில் ஒரு கயிறு, கயிற்றில் ஒன்பது முடிச்சுகள். அசோகரின் கல்வெட்டு எழுத்துகளைப் படித்துக்காட்டிய அதே பிரின்செப்.

கைமாறியபோது நேர்ந்தது

1498-இல் வாஸ்கோ ட காமா கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கு வந்தார். அவர் இப்னு மாஜித் என்று பரவலாகச் சொல்லப்படுவது ஆதாரமற்றது. போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் ஜொவாவ் டி பாரோஸ் அவரைக் குஜராத்தி என்றே எழுதுகிறார். காமா தம்மிடமிருந்த வானளவிக் கருவியைக் காட்டியபோது அந்த வழிகாட்டி வியக்கவில்லை என்றும், தங்கள் மாலுமிகள் மூன்று பலகைகள் கொண்ட கருவியைப் பயன்படுத்துவதாகக் கூறி அதைக் காட்டினார் என்றும் பாரோஸ் குறிப்பிடுகிறார்.

போர்த்துகீசியர்கள் அக்கருவியை லிஸ்பனுக்குக் கொண்டுசென்று, 1500-இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட தங்கள் தளபதி கப்ராலின் கப்பல்களில் மறுபடி ஏற்றியனுப்பினார்கள். அக்கப்பல்கள் வழியில் பிரேசில் கரையைத் தொட்டபோது, அவற்றில் இருந்த மெஸ்த்ரே ஜொவாவ் என்ற வானியல் அறிந்த மருத்துவர் 1500 மே 1-ஆம் நாள் மன்னர் மனுவேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியப் பலகைகளைக் கொண்டு உயரம் பார்ப்பது பெரும்பாடாக இருக்கிறது என்றும், லிஸ்பனிலிருந்து கேனரித் தீவுகள் வருவதற்குள்ளேயே ஒருவர் சொன்ன விரல் கணக்குக்கும் மற்றவர் சொன்னதுக்கும் மூன்று நான்கு விரல் வேறுபாடு வந்துவிட்டது என்றும், மன்னர் இதைக் கேட்டால் சிரிப்பார் என்றும் அதில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கருவியின் குறைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. லிஸ்பன் 38 பாகை 43 கலையில் இருக்கிறது, கேனரித் தீவுகள் 28 பாகையை ஒட்டி இருக்கின்றன. வெப்பமண்டலக் கடலின் தாழ்ந்த நட்சத்திரத்துக்காகச் செய்யப்பட்ட பலகையை அவ்வளவு உயரத்துக்கு இழுத்தால் அது தடுமாறத்தான் செய்யும். அதற்கும் மேலாக, அந்தக் கப்பல்களில் இருந்தவர்களிடம் பலகை இருந்தது, தங்கள் பல்லால் தங்கள் துறைமுகங்களில் போட்ட முடிச்சுகள் இல்லை. ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லாத நிலையில் அதை அளவுகோலாக ஆக்கி எண்களைக் கேட்டார்கள். ஆளுக்கொரு எண் வந்தது.

ஐரோப்பாவின் உயர்ந்த அட்சரேகைகளுக்குக் குறுக்குக்கோல் என்ற கருவி பொருத்தமாக இருந்தது. நீண்ட கோலின் மேல் ஒரு குறுக்குச் சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் அக்கருவியின் கணிதமும் கமாலின் கணிதமும் ஒன்றே. பிறகு 1731-இல் ஜான் ஹேட்லி காட்டிய கண்ணாடிக் கருவியும், அதன் வழிவந்த செக்ஸ்டன்டும் இவை எல்லாவற்றையும் பின்தள்ளின. கிழக்கு மேற்கு இருப்பிடத்தைக் கமால் சொல்லாது என்று முன்பே பார்த்தோம். ஐரோப்பியக் கருவிகளாலும் 18-ஆம் நூற்றாண்டில் நம்பகமான கடற்கடிகாரம் வரும் வரை அதைச் சரியாகச் சொல்ல இயலவில்லை. அதுவரை எல்லோரும் ஓடிய வேகத்தையும் நேரத்தையும் கொண்டு அனுமானித்தவர்களே. ஒரே அட்சரேகையில் கரை தட்டும் வரை போகும் வழக்கம் இந்த இயலாமைக்கு நல்ல மாற்றாக இருந்தது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு

10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் அட்டை, அதன் நடுவிலிருந்து 57 சென்டிமீட்டரில் முடிச்சிட்ட, நீளாத நூல். இவை இருந்தால் போதும். அந்தத் தொலைவில் அட்டையின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரு பாகையை மறைக்கும். துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க, சப்தரிஷி மண்டலத்தின் முன்பக்க இரு நட்சத்திரங்களான புலகரையும் கிரதுவையும் இணைத்து, அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு கிரதுவின் பக்கமாக நீட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாத முன்னிரவுகளில் சப்தரிஷி மண்டலம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அப்போது வடக்கே ஆங்கில எம் எழுத்தின் வடிவில் தெரியும் காசியோப்பியாவைத் துணையாகக் கொள்ளலாம். இன்றைய துருவ நட்சத்திரத்தின் ஆட்டம் முக்கால் பாகைக்குள் அடங்கிவிடுவதால், இப்னு மாஜித் செய்த திருத்தங்கள் இல்லாமலே விடை ஏறத்தாழச் சரியாக வரும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். நம் கிழக்குக் கடற்கரைகளில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவை; வடக்கே பார்த்தால் கரையும் மரங்களும் விளக்குகளும் அடிவானத்தை மறைத்துக்கொண்டிருக்கும். மாலுமிக்குக் கடலின் நடுவே இந்தத் தொல்லை இல்லை. கரையில் நின்று பார்ப்பவர்கள் வடக்கே திறந்த கடல் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். இராமேசுவரம் தீவின் வடகரை அப்படிப்பட்டது, யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரையிலான கரையும் அப்படிப்பட்டது. பருத்தித்துறையில் அட்டையின் கீழ் விளிம்பை நீரின் கோட்டில் வைத்தால், நட்சத்திரம் மேல் விளிம்பை ஒட்டியே நிற்கும்.